மிளகாய் வந்த வழி

பெரும்பாணாற்றுப்படை எங்கள் காஞ்சியைப் பாடும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனின் புகழைச் சொல்லிச் செல்லும்போதே தொண்டை நாட்டின் ஊர்களையும் அடுக்களைகளையும் நமக்குக் காட்டிவிடுகிறார். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு பிற்பகல் வகுப்பில் அந்நூலின் விருந்தோம்பல் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். பசு வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சுடன் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து அக்காலத்தார் விருந்தினருக்கு அளித்த செய்தி அதில் வருகிறது. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பில் உணவைப் பற்றிப் பேசினால் மாணவர்கள் உறங்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண். காலையில் வீட்டுத் தறிக்கு உதவிவிட்டு வருவதால் பெரும்பாலும் தாமதமாக வருபவள். அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை.

“ஐயா, எல்லா இடத்திலும் மிளகுதான் வருகிறது. மிளகாய் எங்கேயும் வரவில்லையே. அந்தக் காலத்தில் மிளகாய் இல்லையா?”

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. “தமிழன் அடுப்பங்கரையில் மிளகாய் இல்லாமல் இருக்குமா? உங்கள் வீட்டில்தான் தீர்ந்துபோயிருக்கும்” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் அமர்ந்துகொண்டாள்.

விடை எனக்கு எந்த நூலகத்திலும் முதலில் கிடைக்கவில்லை. எங்கள் செவிலிமேடு காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. இவ்வூர்ச் சாலைக்கிணற்றிலிருந்து இராமானுசர் நாள்தோறும் நீர் சுமந்து சென்று வரதராசப் பெருமாளுக்கு அளித்தார் என்பது வைணவ மரபு. அவர் நடந்த திசையில்தான் நாங்களும் சிறு வயதில் கோயில் இட்லிக்காக நடந்தோம். மூங்கில் குடலையில் இலை பரப்பி, மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, நெடுநேரம் ஆவியில் வேகவைக்கும் இட்லி அது. அந்த வகுப்பு நடந்து சில ஆண்டுகள் கழித்து, ஒருநாள் அந்த இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, மடைப்பள்ளிப் பணியில் முதுமையடைந்த ஒருவரிடம், “இதில் மிளகாய் சேர்ப்பதில்லையா?” என்று கேட்டேன்.

“பெருமாளுக்கு மிளகாய் ஏது? அது நேற்று வந்தது தம்பி” என்றார்.

“நேற்று என்றால்?”

“ஒரு நானூறு, ஐந்நூறு வருஷம் இருக்கும்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மாணவியின் முகம் உடன்வந்தது. கோயில் அடுக்களை தன் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருந்ததால், மிளகாய்க்கு முந்தைய தமிழரின் நாக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று ஒவ்வொரு நாளும் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. நான் அதைத் தின்று வளர்ந்தவன். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் வெட்கம் என்னவென்றால், விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. மிளகு போல உறைக்கும் காய், ஆகவே மிளகாய். முதலில் மிளகு இருந்தது. பிறகு காய் வந்தது. தமிழாசிரியன் ஒருவனுக்கு அச்சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் நான் ஸ்பெயின் நாட்டின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். ஸ்பெயின் நம்மை ஒருநாளும் ஆண்டதில்லை. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நம் கடற்கரைக்கு வந்தவர்களின் வரிசையில் ஸ்பானியருக்கு இடமில்லை. ஆகவே பாடநூலில் ஒரு மதிப்பெண் வினாவுக்குரிய நாடாகவே அதை நான் எண்ணியிருந்தேன்.

1492-இல் ஸ்பெயின் அரசின் ஆதரவோடு மேற்கு நோக்கிக் கப்பலேறிய கொலம்பசு தேடிய பொருள்களுள் ஒன்று நம் மிளகு. அவர் அடைந்த கரீபியத் தீவுகளில் மிளகு இல்லை. அங்கிருந்த மக்கள் உண்ட சிவந்த காய் ஒன்று மிளகினும் கடுமையாக உறைத்தது. ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் பெயர் ‘பிமியென்டா’. புதிய காய்க்கு ‘பிமியென்டோ’ என்று பெயரிட்டார்கள். ஈற்றெழுத்து ஒன்றுதான் வேறு. பிற்காலத்தில் அக்காய் நம் கரைக்கு வந்தபோது, நாம் மிளகோடு ஈற்றில் ஒரு சொல்லைச் சேர்த்து மிளகாய் என்றோம். ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினர், உலகின் இரு கோடிகளில், ஒரே பொருளின் முன்னால் நின்று ஒரே வகையாகத் திகைத்து, ஒரே வகையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மொழி கற்பிப்பவனுக்கு இதைவிட இனிய செய்தி அரிது. ஆனால் அந்தக் காய்க்கு அதற்குமுன்பே பெயர் இருந்தது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் அது ‘சில்லி’. ஆங்கிலத்தில் நாம் இன்று சொல்வது அந்தப் பெயரைத்தான்.

இனிமை அத்தோடு நின்றுவிடுகிறது. கொலம்பசை முதலில் வரவேற்ற தைனோ மக்கள், அரை நூற்றாண்டுக்குள் ஓர் இனமாக ஏறத்தாழ இல்லாமற்போனார்கள். ஸ்பானியக் குடியேறிகளுக்கு நிலத்தோடு அந்நிலத்து மனிதர்களின் உழைப்பையும் பங்கிட்டுக் கொடுக்கும் முறை இருந்தது. பொன் அகழ்வதற்கும் வயல் உழுவதற்கும் ஊர் ஊராகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதற்குமேல், அவர்கள் உடல் முன்பு அறிந்திராத பெரியம்மை வந்தது. 1521-இல் அசுடெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் வீழ்ந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருவின் இன்காப் பேரரசும் வீழ்ந்தது. இவற்றை நேரில் கண்டு மனம் மாறிய ஸ்பானியத் துறவி பார்த்தொலொமே தெ லாசு காசாசு, தம் நாட்டார் செய்த கொடுமைகளைத் தொகுத்து எழுதி 1552-இல் நூலாக வெளியிட்டார். வென்றவர்களுக்குள்ளேயே எழுந்து நின்று கேட்ட ஒருவர் இருந்தார் என்பதையும் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

காஞ்சித் தெருவில் தள்ளுவண்டிக்காரர் ‘கொய்யா, பப்பாளி’ என்று கூவும்போது இப்போதெல்லாம் நான் ஒரு கணம் நிற்கிறேன். அந்தப் பெயர்கள் தைனோ மக்களின், அல்லது அவர்களோடு உறவுடைய மக்களின் வாயில் பிறந்தவை. ஸ்பானியர் வாய்க்கும் போர்ச்சுகீசியர் வாய்க்கும் மாறி நம்மிடம் வந்தவை. அன்னாசி என்ற பெயரும் தென்னமெரிக்கப் பழங்குடி மொழியொன்றின் ஒலிதான். சொன்னவர்கள் மறைந்துபோனார்கள், சொல் செவிலிமேட்டில் கூறுகட்டி விற்கப்படுகிறது.

இப்பொருள்கள் நமக்கு வந்த வழி இரண்டு. ஒன்று, போர்ச்சுகீசியர் வழி. அவர்கள் தாமே பிரேசிலை ஆண்டவர்கள். கோவாவிலும் கொச்சியிலும் நாகப்பட்டினத்திலும் நடமாடியவர்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே அரசர்தாம் இருந்தார். மிளகாய் பெரும்பாலும் இவ்வழியே வந்தது. மற்றொன்று மணிலா வழி. பிலிப்பைன்சு என்ற பெயரே இரண்டாம் பிலிப்பு என்னும் ஸ்பானிய அரசரின் பெயர். 1565-இல் அத்தீவுகளில் காலூன்றிய ஸ்பானியர் 1571-இல் மணிலாவைத் தம் தலைநகராக்கினர். அதிலிருந்து 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைக்கும் மணிலாவுக்கும் இடையே பசிபிக் பெருங்கடலைக் கடந்து பெருங்கப்பல்கள் சென்றுவந்தன. போகும்போது சீனப் பட்டும் நம் பருத்தித் துணியும் போயின. வரும்போது வெள்ளி வந்தது. வெள்ளியோடு விதைகளும் வந்தன.

இதற்கு ஆவணம் வேண்டுமானால் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வந்தவாசிச் சாலையில் சென்றால் போதும். நாம் வேர்க்கடலை என்பதை அக்கரை உழவர்கள் ‘மணிலா’ என்பார்கள். ‘இந்தப் பட்டத்தில் மணிலா போட்டிருக்கிறேன்’ என்பது அவர்களுக்கு இயல்பான பேச்சு. மணிலாக்கொட்டை என்பது விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் தேய்ந்து ‘மல்லாட்டை’ ஆயிற்று. தென்னமெரிக்கப் பயிர் ஒன்று, தான் ஏறிவந்த துறைமுகத்தின் பெயரை நம் உழவர் நாவில் விட்டுச் சென்றிருக்கிறது. ஸ்பானிய ஆட்சியின் ஊர்ப்பெயர் ஒன்று தொண்டை மண்டலத்து வயல்களில் விளைகிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். எங்கள் பள்ளிச் சுவரோரம் நின்ற கொடுக்காய்ப்புளி மரமும் அப்படியே. மெக்சிகோவில் பிறந்து மணிலா வழியாக வந்த மரம் அது; ஆங்கிலத்தில் அதற்கு மணிலாப் புளி என்றே பெயர். துறட்டுக்கோலால் அதன் சுருள்காய்களைப் பறித்து நாங்கள் அடிவாங்கிய நாள்கள் பல. வரலாற்றைப் பறித்ததற்காக அடிவாங்கினோம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தந்தையார் குழித்தறியில் பட்டு நெய்தவர். கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் சேரும் கோர்வைச் சேலையில் கைதேர்ந்தவர். சூரத்திலிருந்து வரும் சரிகைக் கட்டைப் பிரிக்கும்போது விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்வார். வெள்ளியைக் கம்பியாக இழுத்துத் தட்டி, பட்டு நூலின்மேல் சுற்றி, பொன் முலாம் பூசினால் அது சரிகை. நகத்தால் ஓர் இழையைச் சுரண்டி, உள்ளே இருக்கும் பட்டின் சிவப்பைக் காட்டுவார். “வெள்ளி எங்கிருந்துப்பா வருது?” என்று நான் கேட்டதற்கு, “கடையிலிருந்து” என்றார். அவருக்குத் தெரிந்த எல்லை அது.

இன்று பொலிவியா எனப்படும் நாட்டில் பொத்தோசி என்றொரு மலை இருக்கிறது. 1545-இல் அங்கு வெள்ளி கண்டறியப்பட்டது. 1570-களில் ஸ்பானிய ஆளுநர் பிரான்சிசுகோ தெ தொலேதோ, சுற்றியுள்ள மாநிலங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு வர வேண்டும் என்று ஆணையிட்டார். ‘மித்தா’ என்பது அதன் பெயர். இன்காக்கள் காலத்தில் ஊர்ப்பொது வேலைக்கு இருந்த பழைய முறையின் பெயரையே எடுத்துச் சுரங்கத்துக்குச் சூட்டினார்கள். தோல் கட்டிய ஏணிகளில் தாதுவைச் சுமந்து ஏறுவதும், பாதரசத்தை வெறுங்காலால் மிதித்துக் கலப்பதும் அந்த வேலை. முறை முடிந்து ஊர் திரும்பாதவர் பலர். மெக்சிகோவிலும் பொத்தோசியிலும் அகழ்ந்த வெள்ளி ஸ்பானிய நாணயமாகி, ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியாவுக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் துணிக்கு ஈடாகக் கொடுக்க ஐரோப்பிய வணிகக் குழுவினரிடம் பொன் வெள்ளியைத் தவிர வேறு சரக்கு அதிகம் இல்லை. உருக்கிய வெள்ளிக்கு ஊர் தெரியாது. ஆகையால் எந்தச் சரிகையில் எந்த மலை இருக்கிறதென்று எவரும் சொல்ல முடியாது.

மணிலா வணிகத்தின் அடையாளம் ஒன்றைச் சென்னையில் காணலாம். ஸ்பானியர் தம் மணிலாவில் ஆங்கிலேயரை வணிகம் செய்ய விடவில்லை. எனவே சென்னை ஆங்கிலேயர் ஆர்மீனியர் பெயரிலும் பிறர் பெயரிலும் சரக்கு அனுப்பினார்கள். அவ்வணிகத்தில் பொருளீட்டிய ஆர்மீனியர் கோசா பெத்ருசு உசுகான், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டுவித்தார். பிற்காலத்தில் அவ்விடத்தில் புதிதாகக் கட்டப்பட்டு, மறைமலை அடிகள் பாலம் என்று பெயர் பெற்று இன்றும் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தாங்குகிறது.

அந்தச் சைதாப்பேட்டையில்தான் எங்கள் தொழிலோடு தொடர்புடைய இன்னொரு கதையும் நடந்தது. மெக்சிகோவின் வாகாக்கா பகுதி உழவர்கள், சப்பாத்திக்கள்ளியில் ஒருவகைச் சிறு பூச்சியை வளர்த்து, உலர்த்தி, அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். கொச்சினீல் என்பது அதன் பெயர். பட்டிலும் கம்பளியிலும் அதைப்போல் பிடிக்கும் சிவப்பு ஐரோப்பாவில் இல்லை. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்கே இருந்தது. அது பூச்சியா, விதையா என்று ஐரோப்பியர் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருக்க, ஸ்பானியர் வாய் திறக்காமல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தனியுரிமையை உடைக்க வேண்டும் என்று, 1780-களின் இறுதியில், சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்சு ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். கள்ளி செழித்தது. பூச்சிதான் வரவில்லை. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது வேறு இனம். வாகாக்காவின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பூச்சி அன்று, காட்டுப்பூச்சி. அதன் சாயம் தரமற்றது. கும்பினியின் திட்டம் பாழானது.

நான் இதைப் படித்தபோது என் பாட்டி சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது பாலாற்றங்கரை எங்கும் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்ததாம். ஆடு மாடு நுழைய முடியாதாம். “அப்புறம் என்னமோ வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி வந்து கள்ளியெல்லாம் செத்துப்போச்சு. அந்தப் பூச்சிய நசுக்கினா வெரலெல்லாம் ரத்தமா செவந்துடும்டா” என்பார். பேயின் வேலை என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அது பேயன்று. பெருகிவிட்ட கள்ளியை அழிப்பதற்காக 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கொச்சினீல் குடும்பத்துப் பூச்சி அது. ஸ்பெயினின் செல்வத்தைப் பறிக்க ஒரு காலத்தில் தேடிய பூச்சியின் உறவினம், களை தின்னும் கூலியாளாக எங்கள் ஆற்றங்கரைக்கு வந்து, ஒரு நெசவாளர் மகளின் விரலைச் சிவக்க வைத்திருக்கிறது. அவர் வீட்டில் அப்போது தறியில் இருந்திருக்கக்கூடிய சேலையின் நிறத்தை நாங்கள் அரக்கு என்போம். அரக்கும் ஒரு பூச்சி தருவதுதான். நம் மரங்களில் வாழும் பூச்சி. கும்பினி மெக்சிகோவின் சிவப்பைத் தேடி அலைந்தபோது, நம் சிவப்பு நம் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொருள்களின் கதையைவிட எழுத்தின் கதை என்னை அதிகம் அசைத்தது. 1554-இல் லிசுபன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு கிறித்தவ மறைக்கல்வி நூல் வெளிவந்தது. 1578-இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1593-இல், மணிலாவில் அதே வகையான ஒரு மறைக்கல்வி நூலை ஸ்பானியர் அச்சிட்டார்கள். அதில் தகாலோக் மொழி இருவகை எழுத்தில் இருக்கிறது. ஒன்று உரோமன், மற்றொன்று அவர்களுடைய சொந்த எழுத்தான பாய்பாயின். பிராமியின் வழிவந்த எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நம் எழுத்துக்குத் தூரத்து உறவு. தொடக்கம் ஏறத்தாழ ஒன்று. முடிவு வேறு. தகாலோக் மக்களிடம் பாய்பாயின் மெல்ல வழக்கொழிந்து, உரோமன் எழுத்தே நிலைத்தது. மிந்தோரோ, பலவான் தீவுகளின் மலைவாழ் மக்கள் சிலரிடம் மட்டும் அதன் உறவெழுத்துகள் பிழைத்தன. 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா, குடும்பப்பெயர் இல்லாதவர்கள் தாம் தரும் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். பிலிப்பைன்சு மக்கள் பலர் இன்றும் ஸ்பானியக் குடும்பப்பெயர் தாங்கியிருப்பதற்கு அது ஒரு காரணம். நாம் மேசை என்பதை அவர்களும் ‘மேசா’ என்பார்கள். நமக்குப் போர்ச்சுகீசியர் தந்த சொல். அவர்களுக்கு ஸ்பானியர் தந்த சொல். ஆனால் நாம் அதை ஐகார ஈறு கொடுத்து, நம் எழுத்தில் எழுதிக்கொண்டோம்.

நம் பெருமையால் மட்டும் இது நடந்ததென்று நான் கருதவில்லை. போர்ச்சுகீசியர் நம்மிடம் கடற்கரையோடு நின்றார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்சில் ஊர் ஊராகப் புகுந்து, மக்களைக் கோயில் மணி கேட்கும் தொலைவில் குடியமர்த்தி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். நமக்கு ஓலைச்சுவடிகளும் அவற்றைக் காத்த மடங்களும் புலவர் வீடுகளும் இருந்தன. இருந்தும், காற்று சற்றுத் திசை மாறி வீசியிருந்தால் என்ற எண்ணம் கரும்பலகையில் அகரம் எழுதும்போது சில நாள் வருவதுண்டு.

போனவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகீசிய அடிமை வணிகர்கள் இந்தியக் கரைகளிலிருந்து மனிதர்களை மணிலாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். சிலர் அங்கிருந்து பெருங்கடல் கடந்து மெக்சிகோவுக்கு விற்கப்பட்டனர். எந்த ஊரில் பிறந்திருந்தாலும் அங்கே அவர்கள் அனைவருக்கும் ‘சீனோ’, அதாவது சீனர் என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, கொச்சி, மணிலா வழியாகப் புவெப்லா நகரில் விற்கப்பட்ட ஒரு பெண், கத்தரீனா தெ சான் குவான் என்ற பெயரில் துறவிபோல் வாழ்ந்து 1688-இல் இறந்தார். அவர் வரலாறு எழுதப்பட்டது. மற்றவர்களுடையது எழுதப்படவில்லை.

1762-இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து படையெடுத்துச் சென்று ஸ்பானியரிடமிருந்து மணிலாவைக் கைப்பற்றினார்கள். அப்படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1764-இல் ஆங்கிலேயர் திரும்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகிலுள்ள கயிந்தா என்னும் ஊரில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். முகச்சாயலைக் கொண்டு தம் முன்னோரைச் சொல்கிறார்கள். மொழி தங்கவில்லை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை இங்கே மல்லாட்டை என்று தமிழ்ப்பெயர் பெற்றது. இங்கிருந்து போன மனிதர்கள் அங்கே தமிழை விட்டுவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தை நீட்டிய கையில் நூல் அறுத்த தழும்புகள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வரிசை.

“அம்மா, ஒருநாள் வகுப்பில் மிளகாய் பற்றிக் கேட்டாய் அல்லவா? நீ கேட்டதுதான் சரி. நான் சொன்னது தவறு” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “என்ன கேட்டேன் என்று நினைவில்லை ஐயா. எல்லாரும் சிரித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் வகுப்பில் எழுந்திருக்கவே இல்லை.” குறையாகச் சொல்லவில்லை. பாவு அறுந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

தாழ்வாரத்து விசுப்பலகையில் அவர்களை அமரவைத்து, இங்கே எழுதியதில் பாதியையாவது சொன்னேன். கோயில் இட்லியிலிருந்து தொடங்கினேன். தாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, அவர்கள் காய்க்கு நாம் மிளகை வைத்துப் பெயர் வைத்தோம். நம் மிளகு அவர்கள் ஊருக்குப் போனபோது அந்த ஊர் மக்கள் எதை வைத்துப் பெயர் வைத்தார்கள்?”

தாயின் கை சட்டென்று மகளின் தோளை அழுத்தியது. “ஐயாவுக்கு வேலை இருக்கும், சும்மா இரு.”

“இருக்கட்டும் அம்மா, கேட்கட்டும்” என்றேன். அப்போது மணி அடித்தது. அடுத்த பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை.